பத்தாம் வகுப்புப் பையனும் 1,800 ரூபாய் லேகியமும்

டியூஷன் வாத்தியார், கொருக்குப்பேட்டை

இருபது வருடமாக ரயில்வே கேட் பக்கத்தில் மாலை நேர டியூஷன் எடுக்கிறேன். போன வாரம் நடந்ததை எங்கே சொல்வது என்று தெரியாமல் இங்கே எழுதுகிறேன்.

பத்தாவது படிக்கும் பையன். கணக்கில் கெட்டிக்காரன். இரண்டு மாதமாக முகம் செத்துப்போய் இருந்தான், டியூஷன் பணமும் வரவில்லை. அவன் அம்மா காசிமேட்டில் மீன் வியாபாரம். வழியில் பார்த்தபோது கேட்டேன். "ரெண்டு மாசமும் அவன் கையிலதானே சார் கொடுத்தேன்" என்றார். அன்று மாலை எல்லோரும் போன பிறகு பையனை உட்கார வைத்துக் கேட்டேன். பையின் அடியிலிருந்து நியூஸ்பேப்பரில் சுற்றிய ஒரு டப்பாவை எடுத்து வைத்தான். லேகியம். மேலே சிங்கம் படம். தயாரித்தவர் பெயர் இல்லை, தேதி இல்லை. விலை மட்டும் பேனாவால் எழுதியிருந்தது: 1,800.

தூக்கத்தில் விந்து வெளியேறியிருக்கிறது, அவ்வளவுதான். யாரிடமும் கேட்கத் தெரியாமல் போனில் தேடியிருக்கிறான். "இளமையில் செய்த தவறால் நரம்புத் தளர்ச்சியா?" என்று ஒரு வீடியோ வந்திருக்கிறது. அதில் இருந்த நம்பருக்குப் பேசினால், ஒரு சொட்டு போனால் நாற்பது சொட்டு ரத்தம் போன மாதிரி, இப்படியே விட்டால் கல்யாணத்துக்கே லாயக்கில்லாமல் போய்விடுவாய் என்று பயமுறுத்தியிருக்கிறார்கள். பையன் ராத்திரி தூங்கவே பயந்துபோய் உட்கார்ந்திருக்கிறான்.

அது எல்லாப் பையன்களுக்கும் வருவதுதான், நோயே இல்லை என்று சொல்ல எனக்கு இரண்டு நிமிடம் ஆனது. ஆனால் வாயைத் திறக்கவே பத்து நிமிடம் பிடித்தது. அதுதான் உறுத்துகிறது. எட்டாவது அறிவியலில் 'வளரிளம் பருவமடைதல்' என்று ஒரு பாடமே இருக்கிறதேடா, படிக்கவில்லையா என்றேன். "அந்த லெசன்ல புக் பேக் கேள்விக்கு மட்டும் ஆன்சர் குறிச்சுக் கொடுத்தாங்க சார்" என்றான்.

உங்கள் வீட்டில், தெருவில் இதையெல்லாம் பிள்ளைகளிடம் யார் பேசுகிறார்கள்?

ராயபுரம் அக்கா

சார், முதலில் அந்த டப்பாவைக் குப்பையில் போடச் சொல்லுங்கள். இப்படிப் பெயர் தெரியாத மருந்துகளில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

நான் அரசு மருத்துவமனையில் நர்ஸாக முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அந்த நாற்பது சொட்டுக் கதை எங்கள் தாத்தா காலத்துக் கதை. விந்து ரத்தத்திலிருந்து வடிவது இல்லை. விதைப்பையில் உருவாகும் அணுக்களும், வேறு சில சுரப்பிகளின் நீரும் சேர்ந்தது. எச்சில் ஊறுவதுபோல உடம்பு அதுபாட்டுக்கு உண்டாக்கும். இந்தப் பயத்துக்கு மனநல மருத்துவத்தில் 'தாத் சிண்ட்ரோம்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். டாக்டர் விக் என்பவர் 1960-ல் வைத்த பெயர். அதாவது உடம்புக்கு ஒன்றும் இல்லை, அந்த நம்பிக்கைதான் ஆளைப் படுக்க வைக்கிறது. களைப்பு, பசியின்மை, தூக்கமின்மை எல்லாம் நிஜமாகவே வரும். உங்கள் பையனுக்கு வந்த மாதிரி.

இன்னொன்று, பையன்கள் வாயைத் திறந்து கேட்காதது. பதிமூன்று பதினான்கு வயதில் சில பையன்களுக்கு மார்பு லேசாகத் தடிக்கும், தொட்டால் வலிக்கும். கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு வருவதுதான். பெரும்பாலும் ஒன்றிரண்டு வருடத்தில் தானாக வடிந்துவிடும். இதை யாரும் சொல்லாததால் சட்டையைக் கழற்ற வெட்கப்பட்டு விளையாட்டையே விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வியாசை கேரம்

அக்கா சொன்னது நானேதான். எட்டாவதில் ஃபுட்பாலை விட்டுவிட்டு கேரம் போர்டுக்கு வந்தது கேரம் மேல் இருந்த ஆசையால் இல்லை, கேரமுக்கு ஜெர்சி மாற்ற வேண்டாம். இதை இப்போது இருபத்திரண்டு வயதில் முதல் தடவை சொல்கிறேன். பனியன் மேல் பனியன் போட்டுக்கொண்டு மே மாதம் முழுக்க சுற்றினேன்.

எண்ணூர் செல்வம்

வாத்தியார் அந்தப் பையனுக்குத் தனியாகச் சொன்னது சரி. ஆனால் இதையே பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைக்கும் பாடமாக நடத்த வேண்டும் என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. தெரியாமல் இருக்கிற பிள்ளைக்கும் நாமே எடுத்துக்கொடுத்த மாதிரி ஆகும். சொல்லிக்கொடுத்தால் செய்து பார்க்கத்தான் தோன்றும். எங்கள் காலத்தில் யார் சொல்லிக்கொடுத்தார்கள்? நாங்கள் குடும்பம் நடத்தவில்லையா?

அறிவியல் டீச்சர்

டியூஷன் சார், அந்த 'புக் பேக் ஆன்சர்' டீச்சரின் ஜாதிதான் நானும். கொஞ்சம் எங்கள் பக்கமும் கேளுங்கள்.

ஒரு வருடம் அந்தப் பாடத்தை முழுசாக நடத்தினேன். ஆணும் பெண்ணுமாக ஐம்பத்திரண்டு பேர். கடைசி பெஞ்சில் சிரிப்பு, முதல் பெஞ்சில் தலை குனிந்த பெண்கள். சமாளித்து முடித்தேன். மறுநாள் காலை ஒரு அப்பா பள்ளி வாசலில் நின்று, "என் பொண்ணுக்கு என்னம்மா சொல்லிக்கொடுக்கிற?" என்று கத்தினார். தலைமை ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு, போர்ஷன் முடித்தால் போதும் மேடம் என்றார். அடுத்த வருடம் நானும் ஆன்சர் குறித்துக் கொடுத்தேன். பொய் சொல்ல மாட்டேன்.

இது என் ஒருத்தி கதை இல்லை. 2005-ல் மத்திய அரசு வளரிளம் பருவக் கல்வித் திட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. 2007-ல் மகாராஷ்டிரம், குஜராத், கர்நாடகம், மத்தியப் பிரதேசம் என்று வரிசையாகத் தடை போட்டன. 2009-ல் மாநிலங்களவையின் மனுக்கள் குழு, பள்ளியில் பாலியல் கல்வியே வேண்டாம் என்று அறிக்கை கொடுத்தது. மேலே இவ்வளவு குழப்பம் இருந்தால் ஒரு மாநகராட்சிப் பள்ளி டீச்சர் மட்டும் என்ன தைரியத்தில் நடத்துவாள்?

பாடப் புத்தகத்திலும் ஒரு சிக்கல். எந்தச் சுரப்பி எந்த ஹார்மோன் என்பதெல்லாம் சரியாக இருக்கிறது. ஆனால் பதினைந்து வயதுப் பையனின் கேள்வி 'டெஸ்டோஸ்டிரோன் எங்கே சுரக்கிறது' என்பது இல்லையே. 'எனக்கு நடப்பது நார்மலா' என்பதுதான்.

செல்வம் அண்ணே, சொல்லிக்கொடுத்தால் செய்து பார்ப்பார்கள் என்ற பயம் எனக்கும் இருந்தது. யுனெஸ்கோ 2018-ல் வெளியிட்ட வழிகாட்டி பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துவிட்டு, இந்தக் கல்வியால் அது கூடுவது இல்லை என்கிறது. சில இடங்களில் பிள்ளைகள் தள்ளிப்போடத்தான் செய்திருக்கிறார்கள்.

மூலிகை ரத்னா

[இந்தப் பதிவு நீக்கப்பட்டது.]

நிர்வாகி

மேலே ஒருவர் 'இழந்த சக்தியை மீட்க' என்று வாட்ஸ்அப் நம்பரோடு விளம்பரம் போட்டார். இந்த இழையில்! நீக்கிவிட்டேன்.

பாரிமுனை வக்கீல்

நிர்வாகிக்கு நன்றி. வாத்தியாருக்கு ஒரு தகவல்: மருந்துகள் மற்றும் மந்திரத் தீர்வுகள் சட்டம் என்று 1954-லிருந்தே ஒன்று இருக்கிறது. ஆண்மை சக்தியைக் கூட்டும் மருந்து என்று விளம்பரம் செய்வதே அதன்படி குற்றம். சட்டம் வந்து எழுபது வருடம் தாண்டிவிட்டது, லாட்ஜில் ரூம் போட்டு 'மாதம் ஒருமுறை விஜயம்' செய்யும் வைத்தியர் இன்னும் விஜயம் செய்துகொண்டுதான் இருக்கிறார். இப்போது போனுக்குள்ளேயே வந்துவிட்டார்.

மணலி அம்மா

எல்லோரும் பையன்களைப் பற்றியே பேசுகிறீர்கள். பெண் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லவில்லை என்று நினைக்காதீர்கள். ஊருக்கே சொல்வோம், அவளிடம் மட்டும் சொல்ல மாட்டோம்.

என் மகள் ஆறாவதில் வயதுக்கு வந்தாள். பதினோரு வயது. பதினாறாம் நாள் மஞ்சள் நீராட்டு. என் அண்ணன் தாய்மாமன் முறைக்கு சீர் கொண்டுவந்தார், செண்டை மேளம், தெருமுனையில் இருபதடிக்கு பிளெக்ஸ். என் மகளுக்குப் பட்டுப்புடவை கட்டி, லிப்ஸ்டிக் போட்டு எடுத்த போட்டோ நடுவில். கீழே ஏரியா அண்ணன்கள் இருபது பேர் கைகூப்பிக்கொண்டு. எனக்கும் அன்று பெருமையாகத்தான் இருந்தது, மறைக்க மாட்டேன். பிளெக்ஸ் மழை வரும்வரை மூன்று வாரம் அங்கேயே நின்றது. அந்த வழியாகத்தான் அவள் பள்ளிக்கூடம் போக வேண்டும். வகுப்பில் பையன்கள் அவளுக்கு 'பேனர்' என்று பேர் வைத்துவிட்டார்கள்.

உளுந்தங்களி, பச்சை முட்டை, நல்லெண்ணெய் எல்லாம் வேளை தவறாமல் கொடுத்தோம். ஏன் ரத்தம் வருகிறது என்று ஒருத்தரும் சொல்லவில்லை. நானும்தான். அடுத்த மாதம் திரும்ப வந்தபோது பாத்ரூமில் உட்கார்ந்து அழுதாள். "அதான் சடங்கு செஞ்சு முடிச்சாச்சே, மறுபடி ஏன்மா வருது?" என்று கேட்டாள். சடங்கு செய்தால் சரியாகிவிடும் என்று நினைத்திருக்கிறது பிள்ளை.

அதற்கு அப்புறம் எங்கள் மாமியார் தெருவில் விளையாடக் கூடாது என்றார். இருபத்து நான்கு வயதுள்ள ஒரு உறவுக்காரப் பையன், வீட்டுக்கு வரும்போதெல்லாம் 'என் பொண்டாட்டி எங்கே' என்று கேட்பதும், எல்லோரும் சிரிப்பதும். ஒரு நாள் நான் சிரிக்கவில்லை. அன்றோடு அவன் வருவது நின்றது, அவன் அம்மாவும் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். போகட்டும்.

ராயபுரம் அக்கா

மணலி அம்மா, அன்று சிரிக்காமல் நின்றீர்களே, நல்ல காரியம்.

உங்கள் மகளுக்கு இன்னும் சொல்லவில்லை என்றால் சொல்லுங்கள்: முதல் ஒன்றிரண்டு வருடம் தேதி முன்னே பின்னேதான் இருக்கும். இருபத்தொரு நாளிலும் வரலாம், நாற்பத்தைந்து நாளும் ஆகலாம். பள்ளியில் வாரம் ஒருமுறை கொடுக்கும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையைத் தூக்கிப் போடாமல் சாப்பிடச் சொல்லுங்கள், சாப்பாட்டுக்கு அப்புறம். கருப்பாக வெளிக்குப் போகிறது என்று பயந்தே பாதிப் பிள்ளைகள் ஜன்னல் வழியாக எறிகிறார்கள். கருப்பாகப் போனால் பயமில்லை, இரும்புச்சத்துக்கு அப்படித்தான் போகும். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில், இந்திய அளவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு ரத்தசோகை.

இனி கொஞ்சம் கனமான விஷயம். அதே ஆய்வில், தமிழ்நாட்டில் இருபதுகளின் தொடக்கத்தில் இருக்கும் பெண்களில் 12.8 சதவீதம் பேருக்கு 18 வயதுக்கு முன்னால் கல்யாணம் ஆகியிருக்கிறது. இந்திய அளவில் 23.3. நம்முடையது பரவாயில்லைதானே என்று தோன்றும். எட்டுப் பேரில் ஒருத்தி என்று மாற்றிச் சொல்லிப் பாருங்கள். வார்டில் அந்த ஒருத்திகளைத்தான் நான் பார்த்தேன். கர்ப்பம் என்றால் அதைப் பதிவு செய்து பிக்மி நம்பர் போட வேண்டும், அதற்கு ஆதார் வேண்டும், ஆதாரில் வயது இருக்கும். அதனால் ஆஸ்பத்திரிக்கே வராமல் ஐந்தாம் மாதம், ஆறாம் மாதம் வரை புடவைக்குள் மறைத்து வைப்பார்கள். ஒரு பிள்ளை வந்தபோது அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "பத்தொன்பதுன்னு போடு சிஸ்டர்" என்றார். பிள்ளை பக்கத்தில் நின்று என் மேஜையில் இருந்த ஸ்டாம்ப் பேடைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது.

பாரிமுனை வக்கீல்

அக்கா சொன்ன அந்தப் பயத்துக்கு ஒரு காரணம் போக்சோ, பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் சட்டம். 2012 சட்டப்படி 18 வயதுக்குக் கீழே எல்லோரும் குழந்தைதான், ஆணும் சரி பெண்ணும் சரி. 'சம்மதித்துத்தான்' என்ற பேச்சுக்கே இடமில்லை. விஷயம் தெரிந்தவர் போலீசிலோ சிறார் காவல் பிரிவிலோ சொல்லியே ஆக வேண்டும், டாக்டரும் விலக்கு இல்லை. பதினேழு வயதுப் பெண்ணும் பத்தொன்பது வயதுப் பையனும் ஓடிப்போனால் பையன் புழல் ஜெயிலில் இருப்பான். கோர்ட்டில் அப்படி வந்து நிற்கும் பையன்களில் பலருக்கு இப்படி ஒரு சட்டம் இருப்பதே கைதான அன்றுதான் தெரியும். இப்படிப்பட்ட ஒரு வழக்கை 2021-ல் நம் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தபோது, இளவயதுக் காதலைத் தண்டிப்பது இந்தச் சட்டத்தின் நோக்கம் இல்லை என்று சொன்னது. ஆனால் சட்டம் மாறவில்லை. அது ஒவ்வொரு வழக்காகப் போராட வேண்டிய சமாச்சாரம்.

ஆஸ்பத்திரிக்கு வரப் பயப்படுகிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்: 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், கருக்கலைப்புக்கு வரும் 18 வயதுக்குட்பட்ட பெண்ணோ பாதுகாவலரோ கேட்டுக்கொண்டால், போலீசுக்குத் தகவல் தரும்போது அவள் பெயர் விவரத்தை டாக்டர் வெளியிடத் தேவையில்லை என்று சொல்லியிருக்கிறது. சட்டத்தில் 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு 24 வாரம் வரை இடமிருக்கிறது, பாதுகாவலர் கையெழுத்து வேண்டும். மெடிக்கலில் மாத்திரை வாங்கித் தானே போட்டுக்கொள்வதுதான் உயிருக்கு ஆபத்து.

வியாசை கேரம்

ஏரியா பக்கம் நடப்பதையும் சொல்கிறேன். எங்களுக்குச் சொல்லிக்கொடுப்பது யார் என்று கேட்டால், தெருவில் இருக்கும் அண்ணன்கள். பத்தில் ஒன்பது புருடா. அவர்கள் சொல்வதைக் கேட்டால் ஊரில் எல்லோருக்கும் ஆள் இருக்கிறது, நமக்கு மட்டும்தான் இல்லை. ஒரு பொண்ணு 'வேணாம்' என்று சொன்னால் அது கெத்துக்காகச் சொல்வது, பின்னாலேயே போனால் மசிந்துவிடுவாள் என்பதும் அந்த யுனிவர்சிட்டி பாடம்தான். நானும் ஒரு பெண் பின்னால் எம்.கே.பி. நகர் பஸ் ஸ்டாப் வரை மூன்று மாதம் போயிருக்கிறேன். அவள் பயந்து ரூட் மாற்றிக்கொண்டாள் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது. அதுவரை லவ் என்றுதான் நினைத்திருந்தேன்.

இன்னொரு விஷயம். அந்த அண்ணன்களில் ஒருத்தர் சின்னப் பசங்களிடம் தப்பாக நடந்துகொண்டார். பசங்கள் யாரும் வெளியில் சொல்லவில்லை. பையன்தானே, என்ன ஆகிவிடும் என்பார்கள், இல்லை சிரிப்பார்கள்.

அறிவியல் டீச்சர்

தம்பி, 2007-ல் மத்திய அரசே எடுத்த ஆய்வில், கேட்ட குழந்தைகளில் 53 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகையில் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். அதில் பாதிக்கு மேல் பையன்கள். நாமோ 'குட் டச், பேட் டச்' வகுப்புக்குப் பெண் பிள்ளைகளை மட்டும் தனியாக அழைத்துப் போகிறோம், பையன்களை கிரவுண்டுக்கு அனுப்பிவிடுகிறோம்.

யாராவது பிள்ளை இதைப் படித்தால்: குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் பேசலாம், காசு கிடையாது. பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. அது நம் பாடப் புத்தகத்திலேயே அச்சடித்திருக்கிறது.

எண்ணூர் செல்வம்

மூன்று நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஒன்று சொல்ல வேண்டும்.

எனக்குப் பதினேழு வயதில் வாத்தியார் சொன்ன அதே பயம் வந்தது. அப்போது யூடியூப் ஏது, சென்ட்ரல் பக்கம் சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருக்கும். முதல் சம்பளம் வாங்கியிருந்தேன். முந்நூறு ரூபாயை எடுத்துக்கொண்டு ஒரு லாட்ஜ் மாடிக்குப் போனேன். வராண்டாவில் என்னை மாதிரி ஏழெட்டுப் பேர், ஒருத்தன் முகத்தை ஒருத்தன் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு. சூரணம் கொடுத்தார்கள். கல்யாணம் ஆகி முதல் குழந்தை பிறக்கும்வரை எனக்கு உள்ளுக்குள் உதறல் இருந்தது. என் வீட்டுக்காரிக்கு இன்றுவரை தெரியாது.

'எங்கள் காலத்தில் யார் சொல்லிக்கொடுத்தார்கள்' என்று கேட்டேன் அல்லவா, அந்த லாட்ஜ்காரன்தான் சொல்லிக்கொடுத்தான்.

ஆனாலும் ஆணையும் பெண்ணையும் ஒரே அறையில் உட்கார வைத்துப் பேசுவது சரிவராது என்பதுதான் இப்போதும் என் கருத்து.

ராயபுரம் அக்கா

செல்வம் தம்பி, முதல் வகுப்பு தனித்தனியாகவே இருக்கட்டும். தப்பில்லை. ஆனால் பையன்களுக்கு மாதவிடாய் பற்றியும் சொல்ல வேண்டும். 'பேனர்' என்று பேர் வைத்தவர்களுக்கு அது என்ன என்றே தெரியாது.

நாம் ஒரு காலத்தில் இதைப் பேசியிருக்கிறோம். இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டுபிடிக்கப்பட்டதே இந்தச் சென்னையில்தான், 1986-ல். டாக்டர் சுனிதி சாலமன், அவருடைய மாணவி நிர்மலா. ரத்தத்தை வேலூரில் கொண்டுபோய்ப் பரிசோதித்தார்கள். அந்த முதல் வருடங்களில் நர்ஸ்களான நாங்களே கையுறை மேல் கையுறை போட்டுக்கொண்டு நடுங்கினோம். அப்புறம் 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்று சுவரெல்லாம் எழுதினார்களே, ஞாபகம் இருக்கிறதா? டீக்கடையில் உட்கார்ந்து ஜனங்கள் ஆணுறை பற்றிப் பேசினார்கள். கலாச்சாரம் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. பாவம், ராஜா என்று பேர் வைத்தவர்கள்தான் கொஞ்ச நாள் அவஸ்தைப்பட்டார்கள்.

டியூஷன் வாத்தியார், கொருக்குப்பேட்டை

செல்வம் சார், அந்த வராண்டாவைப் பற்றி நீங்கள் எழுதியதைப் பெயர் சொல்லாமல் அந்தப் பையனிடம் சொன்னேன். "அவருக்குக் குழந்தை இருக்கா சார்?" என்று மட்டும் கேட்டான். ரெண்டு என்றேன். சரியா?

நேற்று ஒரு வேலை செய்தேன். காலி ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்றை டியூஷன் வாசலில் வைத்து, என்ன சந்தேகம் இருந்தாலும் பேர் போடாமல் எழுதிப் போடுங்கள் என்றேன். பையன்கள் மட்டும் இருபத்தாறு பேர். இன்று திறந்தால் முப்பத்தொரு சீட்டு. எட்டு சீட்டு தூக்கத்தில் வருவதைப் பற்றி. நான்கு, மீசை எப்போது வரும். ஒன்றில் 'குரல் உடைஞ்சு போச்சு, பாட முடியுமா' என்று. ஒரு சீட்டில், 'என் தங்கச்சி அந்த மூணு நாள் வயிறு வலிக்குதுன்னு அழுவுறா, நான் என்ன வாங்கித் தரணும்.' ஒன்றில் எழுதி, அடித்து, மறுபடி எழுதி, மறுபடி அடித்திருந்தது. பேனா அழுத்தத்தில் தாள் கிழிந்திருக்கிறது. என்ன கேட்டான் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அந்தச் சீட்டுதான் என் சட்டைப் பையில் இருக்கிறது. கையெழுத்தை வைத்துத் தேடுவது தப்பு என்று தெரிகிறது. பாட்டில் பக்கத்தில் 1098 என்று எழுதி ஒட்டிவிட்டு வந்தேன்.

ஞாயிறு காலை என் டியூஷன் அறையில் அக்கா வந்து பேச ஒப்புக்கொண்டிருக்கிறார். பெற்றோர் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். நான்கு பேர் அனுப்ப மாட்டோம் என்றார்கள். தகரக் கூரை, ஒரே ஃபேன். பத்து மணிக்குள் முடித்துவிட வேண்டும்.

வியாசை கேரம்

பெடஸ்டல் ஃபேன் கிளப்பில் ஒன்று இருக்கிறது, நான் எடுத்துட்டு வரேன் சார்.

எண்ணூர் செல்வம்

ரெண்டுதான் வாத்தியார். பெரியவனுக்குப் பதினான்கு. இருபத்தேழாவது ஆளாக உட்கார வைக்க இடம் இருக்குமா?